காஜா பெராங்கில் என்ஜின் இறக்கிய வண்டி

நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டவர்கள் பாதியிலேயே என் முகத்தை ஒரு மாதிரி பார்த்து, இவருக்கு இந்த விஷயங்களில் கொஞ்சம் பித்து உண்டு போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதையில் பிணங்களுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியவன் நான், ஒன்றும் எழுந்து வரவில்லை. ரப்பர் தோட்டத்தில் யாராவது முனி அடித்துவிட்டது என்று காய்ச்சலில் கிடந்தால் நான் மலேரியா மாத்திரைதான் வாங்கிக் கொடுப்பேன். அப்படிப்பட்டவனுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கடைகளில் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்த சமயம். அப்போது எனக்கும் என் மனைவி சரோஜாவுக்கும் வீடு என்று ஒன்று கிடையாது, வண்டிதான் வீடு. சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துப்போட்ட பழைய ஆம்புலன்ஸ் வண்டி ஒன்றை வாங்கி, பின்னால் இருந்த இரண்டு படுக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு, மேலே துணி அடுக்கப் பலகை, பக்கவாட்டில் கடை போலத் திறக்க ஒரு தட்டி என்று மாற்றியிருந்தேன். தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேலை, வேட்டி, ரவிக்கைத் துணி விற்போம். அவசரகாலச் சட்டம் இன்னும் இருந்தது, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறதோ என்று ரோட்டில் மறித்துச் சமைக்க வைத்திருக்கும் அரிசியைக்கூடக் கிளறிப் பார்ப்பார்கள், ஆனாலும் பழகிவிட்டது. வண்டியின் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'சரோஜா ஜவுலி' என்று எழுதியிருக்கும். ஜவுளி என்று எழுதச் சொன்னதற்குப் படம் வரைகிறவன் ஜவுலி என்று எழுதிவிட்டான், திருத்த நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டேன். இந்த எழுத்துப் பிழையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி வியாபாரத்துக்காக மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களை முடித்துக்கொண்டு, மலாக்கா டவுனுக்குள் வந்து, காஜா பெராங் வழியாகச் சிரம்பான் ரோட்டைப் பிடிக்கலாம் என்று போய்க்கொண்டிருந்தோம். சரோஜா நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கா சிரம்பானில் இருந்தாள், அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று ஏற்பாடு. முதல் பிள்ளை எங்களுக்குத் தங்கவில்லை. ஒரு தோட்டத்து மண்ரோட்டில் வண்டி குலுங்கின குலுக்கலில் நாள் நிறையாமல் பிறந்து, அழாமலே போய்விட்டது. அதனால் இந்த முறை அவள் பள்ளம் மேடு வந்தாலே படுக்கையின் இரும்பைப் பிடித்துக்கொள்வாள்.

காஜா பெராங் ரோட்டில் வரும்போது என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் கேட்டது. ஓரம் கட்டுவதற்குள் நின்றுவிட்டது. நல்ல வேளையாகப் பக்கத்திலேயே ஒரு சீனன் பட்டறை இருந்தது. தவுக்கே, அதாவது முதலாளி, பெயர் ஆ லெங். அவன் படுத்து, எழுந்து, எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ஜின் சுடா மாத்தி," என்று மலாயில் சொன்னான். செத்துப்போய்விட்டது. பேரிங் கருகி, பிஸ்டன் உடைந்து, கிராங்க் தேய்ந்து, எல்லாமே போயிருந்தது. முழு என்ஜினையும் இறக்கி, சிங்கப்பூருக்கு அனுப்பி, அங்கே கடைந்து வரவேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்றான்.

சரோஜாவைப் பஸ்ஸில் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அங்கே இருந்த மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை கீழே இறங்கியிருக்கிறது, பஸ் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சரோஜாவும், "என்ன ஆனாலும் இங்கயே ஆவட்டுங்க. இந்த நேரத்துல நான் ரோட்டுல போக மாட்டேன்," என்றாள். சரி என்று தங்கிவிட்டோம்.

பட்டறையில் எங்கள் வண்டியை நிறுத்த இடம் இல்லை. பின்னால் கொஞ்ச தூரத்தில் செட்டி கம்பம் என்கிற சிற்றூரில் மீனாட்சி என்று ஒரு அம்மாவின் காலி நிலம் இருந்தது, என்ஜினை இறக்கிய பிறகு வண்டியை ஆட்களை வைத்துத் தள்ளிக்கொண்டுபோய் அங்கே ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்தினோம். அந்தக் கம்பத்து ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கும் தமிழ் வம்சம், பெயர் மீனாட்சி, நெற்றியில் திருநீறு, ஆனால் உடுத்துவது சாரோங், பேசுவது முழுக்க மலாய், தமிழ் வராது. நல்ல மனுஷி. முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்ததால் அவற்றையும் கழற்றிப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டு, அச்சுக்குக் கீழே மரக்கட்டைகளை அடுக்கி வைத்தேன். கொஞ்ச நாளில் மீனாட்சி அம்மாவின் கோழி ஒன்று என்ஜின் இருந்த காலிக் குழிக்குள் ஏறி முட்டை வைத்து அடைகாக்க ஆரம்பித்துவிட்டது. சரோஜாவுக்கு ஒரே சிரிப்பு. மூடியைத் திறந்து திறந்து அதற்கு அரிசி போடுவாள்.

வண்டி நின்றுவிட்டதால் நேரம் நிறைய இருந்தது, வேலைதான் இல்லை. நான் துணி மூட்டையை சைக்கிளில் கட்டிக்கொண்டு உஜோங் பாசிர் வரை போய்ச் சுற்றுவேன். திரும்பி வரும்போது பட்டறையில் எட்டிப் பார்ப்பேன். ஆ லெங் என்னைக் கண்டதும், "பெலும், பெலும்," என்பான். இன்னும் இல்லை, இன்னும் இல்லை. கடைசியில் ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து பெட்டி வந்துவிட்டது.

என்ஜினைப் பூட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று அன்று காலையிலேயே போய்விட்டேன். சரோஜா நன்றாகத்தான் இருந்தாள். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏதாவது என்றால் மீனாட்சி அம்மாவைக் கூப்பிடு, அவங்க முச்சந்தியில டாக்சி பிடிச்சுத் தருவாங்க என்று சொல்லி வைத்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. மழை என்றால் எதிர்க் கடை தெரியாத மழை. ரோட்டுச் சாக்கடை நிரம்பித் தண்ணீர் பட்டறை வாசல் வரை வந்துவிட்டது. நான் ஆ லெங்குக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ஜின் எங்கள் இரண்டு பேர் முன்னாலும் ஒரு பலகைமேல் கிடந்தது, பாதி பிஸ்டன் உள்ளே, பாதி வெளியே. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று பிறகு புரியும்.

மழை விட்டதும் போனேன். மீனாட்சி அம்மா தன் வீட்டு வாசல் படிக்கட்டுக்கு மேலே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டி அங்கிருந்து அந்த மழையிலும் தெரிகிற தூரத்தில் நேராக நின்றது. என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் வண்டிக் கதவைத் திறந்தேன். உள்ளே சரோஜா இல்லை. நறுக்கிய கத்திரிக்காய் தண்ணீரில் கிடந்தது. அவளுடைய செருப்பு வாசலில் இருந்தது. படுக்கையில் விரிப்பெல்லாம் ரத்தம்.

நான் கத்திக்கொண்டு மீனாட்சி அம்மாவிடம் ஓடினேன். அந்த அம்மா மலாயில், மழை தொடங்கியதிலிருந்து தான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்ததாகவும், கதவு திறக்கவே இல்லை, யாரும் வரவும் இல்லை போகவும் இல்லை என்றும் சொன்னாள். "தா பெர்கி மானா மானா," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கேயும் போகவில்லை. பிறகு அவளே வந்து படுக்கையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு பேரும் பக்கத்து வீடுகளில் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி உடுப்பு, முட்டிவரை சேறு. பெயர் வீரப்பன், பெரிய ஆஸ்பத்திரியில் அட்டெண்டன். என்னைப் பார்த்ததும் கோபமாகத்தான் பேச ஆரம்பித்தார்.

"நீங்கதானே சரோஜா வீட்டுக்காரரு? என்னாண்ணே நீங்க, பொண்டாட்டிய இறக்கி விட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லாம காடிய எடுத்துட்டுப் போயிட்டீங்க? மயங்குறதுக்கு முன்னாடி அவங்கதான் இந்த எடத்தைச் சொன்னாங்க. டாக்டரு தேடுறாரு. பொண்ணு பொறந்திருக்கு, ஆப்பரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. புள்ள நல்லாருக்கு. அம்மாவுக்குத்தான் ரத்தம் பத்தல, உடனே வாங்க."

எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. "யாரு கொண்டாந்து விட்டா?" என்றேன்.

"யாரா? நீங்கதான். மழையில உள்ளயே உக்காந்திருந்தீங்க. காடி உறுமிக்கிட்டே நின்னுச்சு. நானும் இன்னொரு ஆளும்தான் பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சர்ல தூக்குனோம்."

"எந்தக் காடி?"

அவர் கையை நீட்டினார். "இதோ நிக்குதே, இந்தக் காடிதான். ஜவுலின்னு தப்பா எழுதியிருக்கேன்னு அப்பவே நினைச்சேன்லா."

மீனாட்சி அம்மா வண்டியின் முன்மூடியைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே கோழி உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் பட்டதும் கழுத்தை நீட்டிக் கொக்கரித்துவிட்டு மறுபடியும் முட்டைமேல் அமர்ந்துகொண்டது. வீரப்பன் அதைப் பார்த்தார், குனிந்து மரக்கட்டைகளைப் பார்த்தார், சக்கரமில்லாத அச்சைப் பார்த்தார். நிலம் முழுக்கச் சேறும் தண்ணீருமாக இருந்தது, வண்டிக்கு அடியில் மட்டும் மண் காய்ந்து பொடியாகக் கிடந்தது. சைக்கிளை ரோட்டுப் பக்கம் திருப்பினார். "ஏறுங்கண்ணே, போயிரலாம்," என்றார்.

ரத்தம் கொடுத்தேன். என்னுடையது சரோஜாவுக்குச் சேர்ந்தது. இன்னும் சற்று நேரம் தாமதித்திருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள், சிவப்பாக, கோபமாக, நன்றாக அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்டபோது எனக்கு மற்றது எல்லாம் மறந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

சரோஜாவுக்கு நினைவு தெளிந்ததும் அவள் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "இன்னைக்கு மாதிரி நீங்க மெதுவா ஓட்டி நான் பார்த்ததே இல்லங்க," என்றாள். வலி திடீரென்று வந்ததாம், எழுந்திருக்க முடியவில்லையாம். மீனாட்சி அம்மாவைக் கத்திக் கூப்பிட்டிருக்கிறாள், தகரக் கூரையில் மழைச் சத்தம், யாருக்கும் கேட்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வரும்போது வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டதாம். அப்பாடா, என்ஜினைப் பூட்டிவிட்டார், வந்துவிட்டார் என்று நினைத்தாளாம். பின்பக்கத்துக்கும் டிரைவர் இடத்துக்கும் நடுவில் பட்டாளத்துக்காரன் வைத்த ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதில் என் முதுகு தெரிந்ததாம். மெதுவா போங்க என்றாளாம். முதுகு திரும்பவில்லை, ஒரு கை மட்டும் மேலே எழுந்து, சரி என்பது போல அசைந்ததாம்.

நான் "சரி, தூங்கு," என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அந்த உடம்போடு இருக்கிறவளிடம், வண்டியை ஓட்டியது நான் இல்லை, அந்த வண்டியில் என்ஜினே இல்லை என்றா சொல்வது?

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் சும்மா இருக்கவில்லை. வேறு ஏதாவது ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் வந்திருக்கும், பார்த்தவர்கள் குழப்பிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. போலீஸ் ஸ்டேஷனில் கேட்டேன், ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களைக் கேட்டேன், பட்டாளத்து ஆள் ஒருவரைக்கூடப் பிடித்துக் கேட்டேன். யாரும் அன்று காஜா பெராங் பக்கம் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் மலாய்க்காரரைக் கேட்டேன், அவரும் பக்கத்தில் சிவப்பு எழுத்துப் போட்ட பழைய பட்டாள வண்டி என்றுதான் சொன்னார். ஓட்டினவன் முகத்தைப் பார்த்தீர்களா என்றால், மழை என்றார். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மழை.

ஆ லெங்கிடம் சொன்னபோது அவன் முதலில் சிரித்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, "என்ஜின் என்கிட்ட இருந்துச்சு. நீயும் என்கிட்ட இருந்தே. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்," என்று மலாயில் சொன்னான். ஆனால் என்ஜினை ஏற்றுகிற அன்று வண்டியின் முன்னால் ஊதுவத்தி கொளுத்தி வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் என்ஜினைத் தூக்கும் சங்கிலியைத் தொட்டான். எந்த வண்டிக்கும் அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. மீனாட்சி அம்மா கோழியையும் முட்டைகளையும் ஒரு கூடைக்கு மாற்றினாள்.

சரோஜாவுக்கு விஷயம் தெரியாமல் கிளம்பிவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. கம்பம் முழுக்க அதே பேச்சு, அவளுக்கும் ஓரளவு மலாய் புரியும். எங்கே இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, "போலாம்," என்றாள். அதைப் பற்றி அப்புறம் அவள் வாயே திறக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். நடந்தது நடந்தது, பிள்ளை இருக்கிறது, மனைவி இருக்கிறாள், வியாபாரத்தைப் பார்க்கவேண்டும்.

அந்த வண்டியில் இன்னும் பல வருடம் சுற்றினோம். மகள் நடக்கக் கற்றது, பேசக் கற்றது எல்லாம் அதில்தான். ஆ லெங் பூட்டின என்ஜின் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் சிரம்பானில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்துவிட்டோம். வண்டி கடைக்குப் பின்னால் சந்தில் துருப்பிடித்து நின்றது. ஒருநாள் பழைய இரும்பு வாங்குகிறவன் கேட்டான், கொடுத்துவிட்டேன். லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு போனான். சரோஜா அப்போது காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்தவள் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கூடையைக் கீழே வைத்தாள். "எங்க காடி?" என்றாள். சொன்னேன்.

"கொடுக்குறதுக்கு முன்னாடி உள்ள நல்லா பார்த்தீங்களா?"

"உள்ள என்ன இருக்கு பார்க்க? சாமானெல்லாம் எப்பவோ எடுத்தாச்சே."

அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் சொன்னாள். நான் அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

"அன்னைக்கு எதிர்ப் படுக்கையில ஒருத்தரு படுத்திருந்தாருங்க. போர்வையை முகம் வரைக்கும் போத்தியிருந்தாரு. 'இன்னும் ரொம்ப தூரமாம்மா'ன்னு கேட்டாரு, நல்ல தமிழ்ல. நான் 'இல்லண்ணே, வந்துட்டோம்'னு சொன்னேன். ஆஸ்பத்திரியில என்னைய மட்டும்தான் இறக்குனாங்க. அவரையும் இறக்குங்க, அவரையும் இறக்குங்கன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், யாரும் காதுலயே வாங்கல. கதவைச் சாத்திட்டாங்க."

"இத்தனை வருஷம் ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க காடிய வித்திருப்பீங்க. அப்புறம் அவரு எங்க போவாரு?"

மறுநாள் அவளுடைய தொந்தரவு தாங்காமல் இரும்புக்காரனைத் தேடிப் போனேன், அதற்குள் வண்டியை வெட்டிக் குவித்திருந்தான். அவளுக்கு ரத்தம் போன மயக்கத்தில் ஏதோ தோன்றியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன், இன்றைக்கும் நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவளும் இப்போது இல்லை.

ஒன்றே ஒன்றுதான் மனதை என்னவோ செய்கிறது. பிள்ளை பிறந்த பிறகு அவள் அந்த எதிர்ப் படுக்கையில் என்னைப் படுக்க விட்டதில்லை, துணி மூட்டை வைக்கவும் விட்டதில்லை. குழந்தையும் அவளும் ஒரு பக்கம், நான் கீழே. மூட்டை வைத்தால் இரும்புத் துரு ஒட்டும் என்பாள். அதோடு, எந்த ஊருக்குப் போய் எங்கே வண்டியை நிறுத்தினாலும், இறங்கினதும் அவள் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. பின்கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்துவிட்டு, வழியை விட்டு ஒதுங்கி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள்.

காற்று வரட்டும் என்று நிற்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.